மரத்தை தூக்கி வீசி... பின்னாலேயே குதித்து... வலியதுறை கடல் பாலமும் மழைக்கால மீன்பிடியும்!

நாகர்கோவில்,

இடவப்பாதி மழை தொடங்கி விட்டால் கேரள கடலில் அலை ஆள் உயரத்தை தாண்டும். கரையில் இருந்து கட்டுமரத்தை தள்ளினால் அடுத்த நிமிடமே அலை புரட்டி கரையில் போட்டு விடும். அந்த நேரத்தில் திருவனந்தபுரம் வலியதுறை மீனவர்கள் செய்த காரியம் பார்ப்பவர்களை பதற வைக்கும். கட்டுமரத்தை தோளில் சுமந்து கொண்டு கடலுக்குள் நீளும் பாலத்தின் கடைசி வரை நடப்பார்கள். மரத்தை மேலே இருந்து கடலுக்குள் வீசுவார்கள். பின்னாலேயே அவர்களும் குதிப்பார்கள். நீந்திப்போய் மரத்தில் ஏறி, துடுப்பு போட்டு மீன் பிடிக்க கிளம்பி விடுவார்கள்.

வேடிக்கைக்காகவோ பந்தயத்துக்காகவோ குதித்தது கிடையாது. அன்றைய சோற்றுக்காக குதித்தது. அந்த பாலம்தான் 2024-ம் ஆண்டு மார்ச் மாதம் இரண்டாக உடைந்து, நடுப்பகுதி கடலுக்குள் விழுந்தது. மழைக்காலத்தில் துறைமுகம் இல்லாத ஏழை மீனவனுக்கு துறைமுகமாக இருந்த ஒரே இடம் போய்விட்டது.

எங்கே இருக்கிறது?

திருவனந்தபுரம் விமான நிலையத்தை ஒட்டியே வலியதுறை இருக்கிறது. நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாக திருவனந்தபுரம் போய், கிழக்கே கோட்டையில் இருந்து கடற்கரை பக்கம் போகும் பஸ்சை பிடித்தால் போதும். வடக்கே சங்குமுகம் கடற்கரை. தெற்கே சிறியதுறை, பீமாப்பள்ளி, பூந்துறை. 'வலிய' என்றால் பெரிய என்று குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய துறை, சிறிய துறை. அவ்வளவுதான் பெயர்க்காரணம்.

குமரி கடற்கரைக்கும் இந்த ஊருக்கும் உறவு இன்று நேற்று வந்தது அல்ல. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி வரை குமரி மாவட்டமும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் பக்கத்து மீனவர்களும் பூந்துறை, வலியதுறை மீனவர்களும் ஒரே கடலில் பாடுபடுகிறவர்கள். பெண் கொடுத்து பெண் எடுப்பதும் உண்டு. சாளை, அயிலை, நெத்தோலி, சூரை, நெய்மீன் என்று மீன் பெயர் கூட இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஒகி புயல் அடித்த 2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரண்டு பக்கத்து கடற்கரையிலும் ஒரே மாதிரி ஒப்பாரி கேட்டது.

பாலம் எதற்கு?

கடலில் அலை இருப்பது கஷ்டம் இல்லை. அலை உடைவதுதான் கஷ்டம். ஆழ்கடலில் வரும் அலை படகை மேலே தூக்கி கீழே இறக்குமே தவிர கவிழ்ப்பது அரிது. அதே அலை கரையை நெருங்கும்போது தரை தட்டுகிறது. தண்ணீரின் ஆழம், அலையின் உயரம் அளவுக்கு குறைந்து வரும் இடத்தில் அலையின் தலை முன்னால் சரிந்து உடைகிறது. டன் கணக்கில் தண்ணீர் ஒரே இடத்தில் விழும். அதற்குள் மாட்டினால் கட்டுமரம் என்ன, இரும்பு படகு கூட தாங்காது.

திருவனந்தபுரம் கடற்கரை சரிவான கடற்கரை. அலை கரைக்கு மிக பக்கத்தில் வந்து மொத்தமாக உடையும். மற்ற மாதங்களில் அலைக்கு அலை இடைவெளி பார்த்து மரத்தை தள்ளி விடலாம். ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அந்த இடைவெளியே கிடைக்காது. ஆனால் உடையும் இடத்தை தாண்டி விட்டால் அந்தப்பக்கம் கடல் வெறுமனே ஏறி இறங்கும். அனுபவசாலிக்கு அது பெரிய விஷயம் இல்லை. ஆக, தாண்ட வேண்டியது கரையை ஒட்டிய அந்த கொஞ்ச தூரத்தைத்தான்.

703 அடி நீளம் கொண்ட வலியதுறை பாலம் அந்த கொஞ்ச தூரத்தை தாண்டி நின்றது. மீட்டரில் சொன்னால் 214. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்க கட்டிய பாலம்தான். அலைக்கு மேலே நடந்து போய் அந்தப்பக்கம் இறங்க ஏணி போல அதை மீனவர்கள் பயன்படுத்திக் கொண்டார்கள். பாலத்தை வடிவமைத்த என்ஜினீயர் இதை கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

குதிப்பதிலும் கணக்கு உண்டு

தெரியாதவர்களுக்கு கண்ணை மூடிக்கொண்டு குதிப்பது போல தோன்றும். அப்படி குதித்தால் ஆள் மிஞ்ச மாட்டான். பாலத்துக்கு அடியில் வரிசையாக கான்கிரீட் தூண்கள். அதில் ஒட்டியிருக்கும் சிப்பி, கத்தி போல அறுக்கும். அலை இழுத்துக்கொண்டு போய் தூணில் மோதினால் மண்டை உடையும். அதனால் நீரோட்டம் எந்தப்பக்கம் ஓடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பாலத்தை விட்டு விலகி ஓடும் பக்கமாக மரத்தை வீச வேண்டும். அலை மேலே ஏறி வரும் நேரத்தில் குதித்தால் விழும் உயரம் குறையும். இறங்கும் நேரத்தில் குதித்தால் உயரம் கூடும். மரம் விழுந்ததும் தாமதம் செய்யக்கூடாது. ஓட்டம் மரத்தை இழுத்துக்கொண்டு போய்விடும்.

மரத்தில் ஏறிய பிறகு மேலே நிற்பவர்கள் வலையையும் துடுப்பையும் கயிற்றில் இறக்குவார்கள். அதனால் இது தனியாள் வேலை இல்லை. ஒரு மரம் கடலில் இறங்க பாலத்தின் மேல் 4 கை வேண்டும். இன்று நீ எனக்கு, நாளை நான் உனக்கு என்பதுதான் கூலி. மழைக்காலத்தில் வலியதுறைக்காரர்கள் மட்டும் என்று இல்லை, பக்கத்து ஊர் மீனவர்களும் மரத்தோடு இங்கே வந்து சேருவார்கள்.

திரும்பி வருவது போவதை விட ஆபத்து. மீன் பாரத்தோடு அலை மேல் சவாரி செய்து கரையில் ஏற வேண்டும். மரம் குறுக்கே திரும்பி விட்டால் பிடித்த மீன் மொத்தமும் கடலுக்கே போய்விடும். அதற்கு பயந்து மீனை கயிறு கட்டி பாலத்துக்கு மேலே ஏற்றி விட்டு, அப்புறம் வெறும் மரத்தோடு கரை சேருகிறவர்களும் இருந்தார்கள்.

ஒரு விஷயத்தை சொல்லியாக வேண்டும். கட்டுமரம் என்றால் ஏதோ பழைய காலத்து சாமான் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்று, நான்கு மிதப்பு மரங்களை கயிறு போட்டு கட்டியதுதான். உள்ளே தண்ணீர் வந்தாலும் முங்காது. கவிழ்ந்தாலும் புரட்டிப்போட்டு மறுபடியும் ஏறிக்கொள்ளலாம். பாலத்தில் இருந்து வீசினாலும் உடையாது. பைபர் படகை அப்படி வீச முடியுமா? இப்போது தெர்மாகோலை வைத்து செய்த சிறிய வள்ளங்களும் வந்து விட்டன. தோளில் சுமக்க அது இன்னும் லேசு. தமிழ் சொல்லான கட்டுமரம் ஆங்கிலத்துக்கே போயிருக்கிறது என்றால் சும்மா போகவில்லை.

மழையில்தான் மீன்

இவ்வளவு ஆபத்து இருக்கும்போது மூன்று மாதம் வீட்டில் இருந்தால் என்ன? என்று கேட்பவர்கள் உண்டு. கடல் மீன் தரும் நேரமே அதுதான் என்பது பதில்.

தென்மேற்கு பருவக்காற்று வீசும்போது கடலின் மேல்தண்ணீர் கரையை விட்டு விலகி ஓடுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. அந்த தண்ணீரில் கடல் பாசிக்கும் நுண்ணுயிருக்கும் வேண்டிய உரம் இருக்கிறது. வெயில் பட்டதும் நுண்ணுயிர் பெருகுகிறது. அதை தின்ன சாளையும் நெத்தோலியும் கூட்டமாக வருகின்றன. அவற்றை தின்ன பாரை, சூரை, சீலா, வாளை பின்னாலேயே வருகின்றன. அதுமட்டும் இல்லை. அடியில் இருந்து வரும் அந்த குளிர் தண்ணீரில் பிராணவாயு குறைவு. அங்கே மூச்சு விட முடியாத மீன்கள் கரைப்பக்கமும் மேல்மட்டத்துக்கும் ஒதுங்கும். அதனால் மழைக்காலத்தில் ஆழ்கடலுக்கு போக வேண்டிய அவசியமே இல்லை. அலையை தாண்டி விட்டால் போதும், கைக்கெட்டிய தூரத்தில் மீன் கிடைக்கும். கணவாய்க்கும் இது நல்ல காலம்.

விலையும் இந்த நேரத்தில்தான் கிடைக்கும். கேரளாவில் ஆண்டுதோறும் ஜூன் 9-ந் தேதி நள்ளிரவில் இருந்து ஜூலை 31-ந் தேதி நள்ளிரவு வரை 52 நாட்கள் விசைப்படகுகள் இழுவலை போட தடை. குமரி மாவட்டத்தின் மேற்கு கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள். கிழக்கு கடற்கரைக்கு அதற்கு முன்பே, ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடிந்து விடும். கட்டுமரத்துக்கும் சிறிய வள்ளத்துக்கும் இந்த தடை கிடையாது. சந்தைக்கு விசைப்படகு மீன் வராது. அன்று காலையில் பிடித்த மீனுக்கு வியாபாரிகள் போட்டி போடுவார்கள். மற்ற மாதங்களில் 10 நாள் சம்பாதிப்பதை ஒரே நாளில் பார்க்கும் வாய்ப்பு, ஒரு கட்டுமரக்காரனுக்கு வருடத்தில் இந்த சில வாரங்கள்தான்.

மேலே இருந்தே தூண்டில்

குதிக்க உடம்பில் தெம்பு இல்லாதவர்களுக்கும் பாலம் சோறு போட்டது. வயதானவர்கள், படகு இல்லாதவர்கள், வேறு வேலைக்கு போய் வந்து சாயங்காலம் ஓய்வாக இருப்பவர்கள் பாலத்தின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தூண்டில் போடுவார்கள். கம்பு எல்லாம் கிடையாது. நரம்பை ஒரு கட்டையிலோ, பிளாஸ்டிக் பாட்டிலிலோ சுற்றி வைத்திருப்பார்கள். நுனியில் ஈயக்குண்டு, அதற்கு கொஞ்சம் மேலே முள். சாளை துண்டு, இறால், கணவாய் துண்டு ஆகியவைதான் இரை. தலைக்கு மேலே சுற்றி வீசினால் நரம்பு அறுபது, எழுபது அடி போய் விழும். விரலில் நரம்பை பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மீன் கடிப்பது விரலுக்கு தெரியும்.

பாலத்து தூண்களில் சிப்பியும் பாசியும் ஒட்டியிருக்கும். அதை மேய சிறு மீன் வரும். சிறு மீனை தின்ன பெரிய மீன் வரும். கட்டாந்தரை மாதிரி மணலாக கிடக்கும் கடலில், தூண் நிற்கும் இடம் மட்டும் ஒரு கடை வீதி போல. பாலத்தில் தூண்டில் போட்டவனுக்கு கரையில் போட்டவனை விட அதிகம் கிடைத்ததற்கு இதுதான் காரணம். பாறைக்கு பக்கத்தில் மீன் அதிகம் என்பதும் இதே கணக்குதான்.

அயிலை, பாரை மாதிரி மீன்களுக்கு இன்னொரு முறை உண்டு. ஒரே நரம்பில் வரிசையாக சிறிய முட்களை கட்டி, ஒவ்வொன்றிலும் பளபளக்கும் நூலை சுற்றி விடுவார்கள். இரையே தேவையில்லை. தண்ணீருக்குள் விட்டு மேலும் கீழும் ஆட்டினால், சிறு மீன் கூட்டம் ஓடுகிறது என்று நினைத்து மீன் கடிக்கும். கூட்டத்தில் விழுந்தால் ஒரே இழுப்பில் நாலைந்து வரும். கணவாய்க்கு இறால் உருவத்தில் செய்த பொய் இரை. அதன் பின்பக்கம் முள் குடை போல விரிந்திருக்கும். கணவாய் கட்டிப்பிடித்ததும் மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் கை அறுந்து மீன் போய்விடும். மேலே வந்ததும் முகத்தில் மை அடிக்காமல் இருந்தால் அதிர்ஷ்டம்!

மழை பெய்து ஆற்றுத்தண்ணீர் கலந்து கடல் சேறாக கலங்கிய நாளில் தூண்டிலுக்கு வேலை இல்லை. மீனுக்கு இரை தெரியாது. மழை விட்டு, தண்ணீர் தெளிய தொடங்கும் முதல் இரண்டு நாள்தான் யோகம். ஆவணி பிறந்து ஓணம் நெருங்கும்போது அலை அடங்க ஆரம்பிக்கும். அதற்கு பிறகு கட்டுமரம் பழையபடி கரையில் இருந்தே போகும். பாலம் தூண்டில்காரர்களுக்கும், காற்று வாங்க வருகிறவர்களுக்கும், சினிமா படப்பிடிப்புக்காரர்களுக்கும் விட்டுக்கொடுக்கப்படும்.

கப்பல் மோதிய கதை

வலியதுறை, திருவிதாங்கூர் சமஸ்தான காலத்து துறைமுகம். கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகுகளில் சரக்கு வந்து போகும். முதலில் இருந்தது இரும்பு பாலம். 1947-ம் ஆண்டு 'பண்டிட்' என்ற கப்பல் அந்த பாலத்தில் மோதியது. உயிர்ப்பலியும் நடந்தது, பாலமும் போனது. அதன் பிறகு கான்கிரீட் தூண்கள் நட்டு கட்டியதுதான் 1956-ம் ஆண்டு திறந்த இப்போதைய பாலம். கொச்சி துறைமுகம் வளர வளர வலியதுறைக்கு கப்பல் வருவது குறைந்து, கடைசியில் நின்றே போனது. சரக்கு வைத்த குடோன்கள் காலியாகின. பாலம் மட்டும் மீனவர்கள் கையில் மிஞ்சியது.

நம்ம நாட்டு மேற்கு கடற்கரையில் இப்படி மிச்சம் கிடக்கும் கடல் பாலங்கள் நிறைய. ஆலப்புழையில் 1862-ல் கட்டிய பாலத்தின் இரும்பு தூண்கள் கடலில் வரிசையாக நிற்பதை சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பார்கள். கோழிக்கோட்டிலும் அதே கதி. கிழக்கே புதுச்சேரியில் இருந்த பழைய துறைமுக பாலமும் 2022-ம் ஆண்டு மார்ச் மாதம் கடல் சீற்றத்தில் இடிந்து விழுந்தது. மற்ற ஊர்களில் பாலம் இடிந்தபோது செல்பி எடுக்க இடம் போனதே என்றுதான் பலர் வருத்தப்பட்டார்கள். வலியதுறையில் போனது பிழைப்பு.

எப்படி உடைந்தது?

ஒரே நாளில் உடையவில்லை. பராமரிப்பு இல்லாமல் கான்கிரீட் பெயர்ந்து, உள்ளே கம்பி துருப்பிடித்து பல ஆண்டுகளாகவே பாலம் நோயாளியாக நின்றது. 2017-ல் ஒகி புயல் ஒரு உலுக்கு உலுக்கியது. 2021-ம் ஆண்டு மே மாதம் டவ்தே புயல் நேரத்து அலையில் தூண்கள் உட்கார்ந்து, தளம் ஒரு பக்கம் சாய்ந்தது. ஆட்கள் போகக்கூடாது என்று அடைத்தார்கள். அப்போதே சரி செய்திருந்தால் இந்த கதி வந்திருக்காது என்று சொல்லாத மீனவர் அங்கே இல்லை. அதே புயலில் சங்குமுகம் விமான நிலைய சாலையையும் கடல் அரித்தது. அந்த சாலைக்கு கடலுக்கு எதிராக சுவர் எழுப்பி 2022-ல் மறுபடியும் திறந்து விட்டார்கள். பாலம் சாய்ந்தபடியே நின்றது. 2024 மார்ச்சில் இரண்டாக பிரிந்தது.

பாலத்தை மட்டும் கடல் தின்னவில்லை. வலியதுறையில் வரிசை வரிசையாக வீடுகள் போயிருக்கின்றன. வீடு இழந்த குடும்பங்கள் பள்ளிக்கூடத்திலும், ஒரு காலத்தில் சிமெண்டு மூட்டை அடுக்கிய குடோனிலும் வருடக்கணக்கில் குடியிருந்தார்கள். துணியால் தடுப்பு கட்டி, ஒரு குடோனுக்குள் பல குடும்பம். முட்டத்தறையில் கேரள அரசு 2018-ல் 192 வீடுகளும், 2025 ஆகஸ்டு மாதம் 332 வீடுகளும் கட்டிக்கொடுத்தது.

தெற்கே விழிஞ்ஞத்தில் 2015-ல் வேலை தொடங்கிய பெரிய துறைமுகத்துக்காக கடலுக்குள் கல் போட்டதுதான் மணல் அரிப்புக்கு காரணம் என்று மீனவர்கள் சொல்கிறார்கள். 2022-ல் மாதக்கணக்கில் போராட்டமும் நடத்தினார்கள். துறைமுகத்துக்கும் அரிப்புக்கும் சம்பந்தம் இல்லை, புயல்கள்தான் காரணம் என்பது எதிர்த்தரப்பு வாதம். இந்த வழக்கு தீருவதற்குள் துறைமுகம் கட்டி முடித்து, 2025-ம் ஆண்டு மே 2-ந் தேதி பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். உலகத்தின் பெரிய பெரிய கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகத்துக்கு கொஞ்சம் வடக்கே, 703 அடி பாலம் உடைந்து கிடக்கிறது.

இப்போது என்ன செய்கிறார்கள்?

என்ஜின் வைத்த பைபர் படகு உள்ளவர்கள் மழைக்காலத்தில் விழிஞ்ஞம் மீன்பிடி துறைமுகத்துக்கு போய்விடுவார்கள். அது முன்பிருந்தே உள்ள வழக்கம். சுற்றுவட்டார படகுகள் எல்லாம் அங்கே குவிந்து, நிறுத்த இடம் கிடைக்காமல் தகராறு வருவதும் உண்டு. கட்டுமரக்காரன் கதை வேறு. மரத்தை வண்டியில் ஏற்றி விழிஞ்ஞம் கொண்டு போக வாடகை, தினமும் போய் வர பஸ் செலவு, பிடித்த மீனை விற்க புது இடம். இதெல்லாம் போக கையில் நிற்பது கொஞ்சம்தான். முன்பு வீட்டில் இருந்து பாலம் வரை நடக்க 5 நிமிடம் ஆனது.

அதனால் கரையில் இருந்தே மரத்தை தள்ளி அலையோடு மல்லுக்கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அலை உடையும் இடத்தில் எத்தனை உயிர் போகும் என்று தெரிய வலியதுறை வரை போக வேண்டாம். தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்த குமரி மீனவர்களின் குடும்பங்களை கேட்டால் போதும். திருவனந்தபுரத்துக்கு வடக்கே முதலப்பொழி முகத்துவாரத்திலும் மழைக்காலம் வந்தாலே சாவு செய்தி வருகிறது. இத்தனைக்கும் அவை இரண்டும் அரசு கல் போட்டு கட்டிய துறைமுகங்கள்.

மழைக்கால வறுமைக்கு சேமிப்பு-நிவாரண திட்டம் இரண்டு மாநிலத்திலும் இருக்கிறது. மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் அரசு பங்கு 3,000 சேர்த்து 4,500 ரூபாய் கிடைக்கும். தமிழ்நாட்டில் இதுபோக மீன்பிடி தடைக்கால நிவாரணம் தனியாக தருகிறார்கள். 5,000 ரூபாயாக இருந்த அதை 8,000 ரூபாயாக உயர்த்தி 2023-ல் அறிவித்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு குடும்பம் அதை வைத்து எப்படி ஓட்டும் என்பது வீட்டில் அரிசி வாங்குகிறவர்களுக்கு தெரியும்.

தூண்டில் வளைவில் ஜாக்கிரதை

பாலம் இல்லாததால் தூண்டில்காரர்கள் இப்போது கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளில் ஏறி உட்காருகிறார்கள். குமரி மாவட்டத்திலும் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை பல ஊர்களில் தூண்டில் வளைவு இருக்கிறது. மண் அரிப்பை தடுக்க கல்லை தூண்டில் முள் போல வளைத்து போடுவதால் வந்த பெயர். தூண்டில் போடுவதற்காக கட்டியது என்று நினைத்துக்கொள்ளக்கூடாது. பாலம் மாதிரி மட்டமான தளம் கிடையாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஆள் விழும் அளவு இடைவெளி. பாசி பிடித்த கல்லில் செருப்போடு ஏறினால் வழுக்கும்.

எல்லாவற்றையும் விட மோசம் கள்ளக்கடல். காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். எங்கோ தெற்கே பல ஆயிரம் கி.மீ. தள்ளி அடித்த சூறாவளியின் அலை, சில நாள் கழித்து இங்கே வந்து திருடன் போல ஏறும். கேரள மீனவர்கள் வைத்த இந்த பெயரையே 2012-ல் யுனெஸ்கோ அமைப்பும் ஏற்றுக்கொண்டது. ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். 2024-ம் ஆண்டு மே 6-ந் தேதி ராஜாக்கமங்கலம் அருகே லெமூர் கடற்கரையில் பயிற்சி டாக்டர்கள் 5 பேரை கடல் இழுத்துச்சென்றது இந்த கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். ஐதராபாத்தில் இருக்கும் இந்திய கடல்சார் தகவல் சேவை மையம் அலை எவ்வளவு உயரம் வரும் என்று முன்கூட்டியே அறிவிக்கிறது. அறிவிப்பு வந்த நாளில் தூண்டிலை சுருட்டி வைத்து விட வேண்டும்.

போகிறவர்கள் இரண்டு பேராக போவது நல்லது. கடலுக்கு முதுகை காட்டி உட்காரக்கூடாது. முள் தைத்து விட்டால் வெடுக்கென்று பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். கடலில் யாராவது தத்தளிப்பதை பார்த்தால் கடலோர காவல் படைக்கு 1554, கடலோர பாதுகாப்பு போலீசுக்கு 1093 என்ற எண்ணில் உடனே சொல்லலாம். இரண்டும் கட்டணம் இல்லாத எண்கள்.